வடக்கே திரும்பும் சூரியன்

மெல்போர்னைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அதன் மேற்கு ஓரத்தில் இருக்கிற டார்னெய்ட்டில் ஒன்பது வருஷம் குடியிருந்து, ஒன்பது வருஷமும் குறை சொல்லியே காலம் தள்ளினேன். காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் விசிறி, சாயங்காலம் குடை என்று ஒரே நாளில் மூன்று வேஷம் கட்டச் சொல்கிற ஊர் என்பேன். "கோயம்புத்தூருக்கே போயிரலாம்" என்று நான் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. என் கணவர் ஸ்ரீகாந்த் பொறுமைசாலி, ஆனால் அவரும் மனுஷன்தானே. போன குளிர்காலத்தில் கோயம்புத்தூரிலேயே ஒரு வேலையைப் பிடித்துவிட்டு, "இந்தா தாரிணி, நீ கேட்டது" என்று சொல்லிவிட்டார். வீட்டை விற்றோம். ஜனவரிக் கடைசியில் விமானம்.

அதற்குப் பிறகு கோடை வந்தது. ஒன்பது வருஷமாக நான் பேசிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து அந்த ஊர் என்னைப் பழிவாங்கியது.

டிசம்பரில் அங்கே கிட்டத்தட்ட இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ‘இப்படி வெளிச்சமா இருந்தா மனுஷன் எப்பத் தூங்கறது’ என்று வருஷா வருஷம் திரைச்சீலையை இழுத்து மூடியவள் நான். இந்த முறை கதவைத் திறந்து வெளியே போய் நின்றேன். டார்னெய்ட் தட்டையான பூமி. மலை கிடையாது, பெரிய மரங்கள் குறைவு. அதனால் வானம் தரை வரைக்கும் இறங்கி வரும். மேற்கே ஆரஞ்சு, கிழக்கே ஊதா, நடுவில் பெயர் தெரியாத ஒரு நிறம். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போன எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர், ஏதோ பறக்கிறது போல என்று அவரும் நின்று மேலே பார்த்தார்.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அதிசயமாக இருந்தது. பின்தெருவில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு விளக்கு கட்டியிருந்தார்கள். அரை டிராயர் போட்ட சாண்டாவைச் சுற்றிச் சர்தார்ஜிக் குழந்தைகளும் சோமாலியக் குழந்தைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றாக ஓடின. சின்ன வயதில் கரூர் மாரியம்மன் பண்டிகையில் நான் பார்த்த அதே முகங்கள், நிறம்தான் வேறு. வைகுண்ட ஏகாதசிக்கு நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். சிவனும் பெருமாளும் ஒரே கூரைக்குக் கீழே சண்டையில்லாமல் இருக்கிற கோயில். கும்பிட்டுவிட்டு அப்படியே கடற்கரைக்குப் போய், பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளக்க, கால் மட்டும் பனிக்கட்டியில் நிற்கிற மாதிரி. "இவ்வளவு நாள் இதையெல்லாம் எங்கே வெச்சிருந்தாங்க?" என்று ஸ்ரீகாந்திடம் கேட்டேன்.

"இங்கேதான் வெச்சிருந்தாங்க. நீதான் திட்டிட்டு இருந்தே" என்றார்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். என் விஷயத்தில் கரையை விட்டுக் கிளம்பும்போதுதான் நின்ற கரையே பச்சையாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு தேவராஜா அண்ணாவைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். அகதியாகப் படகில் வந்து சேர்ந்தவர். மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு வந்து பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதில் பெரும்பகுதி தற்காலிக விசாவில் கழிந்தது. அதை வைத்துக்கொண்டு ஊருக்கும் போகமுடியாது, அவர்களைக் கூப்பிடவும் முடியாது. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஏதாவது சின்னத் தப்பு செய்து அதைக் காரணம் காட்டி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பயந்தே சட்டத்தை மதிக்கப் பழகியவர். ரோட்டில் ஒரு வண்டி இல்லாவிட்டாலும் சிக்னலில் பச்சை மனிதன் தெரியும்வரை நிற்பார். நூலகத்துப் புத்தகத்தைக் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே கொண்டுபோய்க் கொடுப்பார். நான் கிண்டல் செய்தால் சிரித்துக்கொள்வார்.

ஒருவழியாக அவருக்கு நிரந்தர விசா வந்தது. மனைவி ரஞ்சினிக்கும் மகள் ராகவிக்கும் விசா வந்தது. டிசம்பரில் ஒருநாள், நாங்கள் கொடுத்த சோபாவைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தைப்பொங்கல் அண்டைக்குக் காலமை ரெண்டு பேரும் வந்து இறங்குவினம், தங்கச்சி."

"அட, எவ்வளவு நல்ல நாள்ண்ணா" என்றேன்.

"ஓம். ஆனா அவ ரிட்டேன் ரிக்கற்றும் சேத்துத்தான் எடுத்தவ." கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வந்து பாக்கிறன், பிடிச்சா நிக்கிறன், இல்லாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாசியில திரும்பிறன் எண்டு சொல்லிப்போட்டா. அவவிலயும் பிழை இல்லை. அங்க ரீச்சர் வேலை இருக்கு, வயல் இருக்கு, தாய் தேப்பன் இருக்கினம். இஞ்ச என்ன இருக்கு? நான்தான் இருக்கிறன். என்னையும் போனிலதானே தெரியும்."

ரஞ்சினி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். வந்து இறங்கிய அன்றைக்கே முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கவேண்டும், அரிசியைத் தன் கையால் போடவேண்டும். வீட்டுக்குள்ளே கேஸ் அடுப்பில் வைக்கிற பொங்கல் கணக்கில் வராது. சூரியன் பார்க்கவேண்டும். பானையில் பால் பொங்கி எந்தப் பக்கம் முதலில் வழிகிறது என்று அவர்கள் ஊரில் பார்ப்பார்களாம். கிழக்கே வழிந்தால் நல்லது.

"அது கிழக்கால வழிஞ்சா நிண்டிடுவா எண்டு எனக்கு ஒரு நினைப்பு" என்றார். நாற்பத்தைந்து வயது ஆள், பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி இருந்தார்.

அதிலிருந்து எனக்கும் அதே நினைப்பாகிவிட்டது. சாமான்களை மூட்டை கட்டிக் கப்பலுக்கு அனுப்பும்போதே, இது ரஞ்சினிக்கு, இது ராகவிக்கு என்று பாதியை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்றவர்கள் வீட்டைக் காலி பண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். தேவராஜா அண்ணா பின்முற்றத்தில் புல்லைச் செதுக்கி, மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டி, நல்ல காய்ந்த விறகு வாங்கி அடுக்கி, அதன் மேல் மழை படாமல் தார்ப்பாய் போட்டு மூடினார். மழைக்குத்தான் பயந்தார். டார்னெய்ட்டில் ஜனவரி மாதத்தில் மழைக்குப் பயந்த ஒரே மனுஷர் அவராகத்தான் இருப்பார்.

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வேலியில் தட்டினார். முகம் வெளுத்திருந்தது. போனை நீட்டினார். நாளைக்கு நாற்பத்து மூன்று டிகிரி, கடும் வடக்குக் காற்று, மாநிலம் முழுவதும் நெருப்புத் தடை. திறந்தவெளியில் விறகு மூட்டக்கூடாது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"பின்னாடி மூணு செங்கல் நடுவுல ஒரு சின்ன நெருப்பு. யாருண்ணா பாக்கப் போறா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஒரு பொறி பறந்தா அந்தப் பக்கம் முழுக்கக் காஞ்ச புல்லு, தங்கச்சி" என்றார் அமைதியாக. "சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லேல்ல. இந்த ஊர்ச் சனம் நெருப்பில வீடு வாசலைப் பறிகுடுத்த சனம். வீடு எரியிறது எனக்குத் தெரியும். நான் மூட்டமாட்டன்."

ஸ்ரீகாந்த் ஒரு யோசனை சொன்னார். அவருக்குக் கூரைமேல் இருக்கிற சோலார் தகடுதான் குலதெய்வம். இன்றைக்கு எத்தனை யூனிட் என்று போனில் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார். "எங்க வீட்டு இண்டக்‌ஷன் ஸ்டவ்வை வேலிக்கு மேல வயர் போட்டுக் குடுக்கறேன். உங்க முத்தத்திலேயே வெச்சுப் பொங்கலாம்" என்றார்.

"கரண்டில பொங்கினா அது சூரியனுக்குப் பொங்கினதா, ஸ்ரீகாந்த்?"

"நாளைக்கு இருக்கிற வெயிலுக்கு அந்தக் கரண்ட்டே சூரியன் குடுக்கறதுதான்ண்ணா."

தேவராஜா அண்ணா கொஞ்ச நேரம் எங்கள் கூரையையே பார்த்தார். "அவ ஒத்துக்கொள்ளுறாவோ தெரியாது" என்றார். ரஞ்சினி அந்த நேரம் விமானத்தில் இருந்தார். சொல்லவும் வழியில்லை.

மறுநாள் விடிந்ததே காய்ச்சலோடு. காற்று, சூளைக் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது. தேவராஜா அண்ணா விமான நிலையத்துக்குக் கிளம்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதுவும் கதவைப் பூட்டுவதற்குள் முதுகில் ஒட்டிவிட்டது. கோலம் போடுவதும் மற்ற ஏற்பாடும் என் பொறுப்பு. நான் புள்ளி வைத்துப் போட ஆரம்பித்தது பாதியில் காற்றோடு போய்விட்டது. மாவைத் தண்ணீரில் கரைத்து மறுபடி போட்டேன். அது காய்ந்த வேகத்தைப் பார்த்து நானே பயந்தேன்.

அதற்குள் இன்னொரு சங்கடம். தேவராஜா அண்ணா பொங்கலுக்கென்று வாங்கி மஞ்சள் கட்டி வைத்திருந்த பித்தளைப் பானையை அடுப்பில் வைத்தால், அடுப்பு "பீப், பீப்" என்று கத்துகிறதே தவிரச் சூடாகவில்லை. அந்த அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் ஆகுமாம். ஸ்ரீகாந்த் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கங்காரு பொம்மைக் காந்தத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுச் சமையலறையிலும் பாத்திரம் பாத்திரமாக ஒட்டிப் பார்த்தார். எங்கள் பாத்திரம் எல்லாம் இந்துமகா சமுத்திரத்தில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அன்றாடத்துக்கு நான் வைத்திருந்த பிரஷர் குக்கரில் கங்காரு ஒட்டிக்கொண்டது. மூடியைக் கழற்றிவிட்டு, பித்தளைப் பானையின் கழுத்திலிருந்த மஞ்சளை அவிழ்த்துக் குக்கரின் கழுத்தில் கட்டினேன். கைப்பிடி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. சாமி குத்தம் ஆகாமல் இருக்கவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கார் வந்து நிற்கும்போது உச்சி வெயில். ரஞ்சினி முதலில் இறங்கினார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி, பருத்திப் புடவை, பயணம் முழுக்கத் தூங்காத கண். பின்னால் ராகவி, அவரைவிட உயரம், பையை மார்போடு அணைத்துக்கொண்டு. தேவராஜா அண்ணா ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் இடித்துவிடாமல் கவனமாக நடந்து வந்தார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

"வாரும், உள்ள வாரும்" என்றார் அவர், மனைவியைப் பார்க்காமல்.

ரஞ்சினி உள்ளே வரவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே பின்முற்றத்துக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். கோலத்தைப் பார்த்தார். மூன்று செங்கல்லைப் பார்த்தார். செங்கல் மேல் கறுப்புக் கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு அடுப்பு, அதன் மேல் மஞ்சள் கட்டிய குக்கர், அதன் மேல் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு ஸ்ரீகாந்த். அடுப்பு சூடாகி நின்றுவிடும் என்று பயந்து குடை பிடித்திருந்தார்.

"இது என்ன?" என்றார் ரஞ்சினி.

தேவராஜா அண்ணா விழுங்கி விழுங்கிச் சொன்னார். தடை, காற்று, காய்ந்த புல். சொல்லி முடித்துவிட்டு, "நேற்றுத்தான் அறிவிச்சவங்கள். உமக்குச் சொல்லேலாமப் போட்டுது. குறை நினையாதையும்" என்றார்.

மாசி மாத டிக்கெட் என் கண்முன்னால் வந்து நின்றது. ரஞ்சினி தன் பையைத் திறந்து, மடித்த ஒரு வெறும் துணிப்பையை எடுத்துக் காட்டினார்.

"நானும் ஒண்டு சொல்லேல்ல" என்றார். "எங்கட வயலில முதல் விளைஞ்ச கதிர் ஒரு பிடி. அதே நெல்லைக் குத்தின அரிசி. இதுக்கெண்டே ஆக்களைப் பிடிச்சு வெள்ளன அறுத்தனான். எயாப்போட்டில, விதை நெல்லும் உமி கிடக்கிற அரிசியும் கொண்டுவரக்கூடாதெண்டு எடுத்துப்போட்டினம். நான்தான் உள்ளதைச் சொன்னனான். ஒளிக்கேல்ல. அங்க வேலை செய்யிற பெட்டை பாவம், எடுக்கிறத்துக்கு முதல் மூண்டு தரம் மன்னிப்புக் கேட்டுது." துணிப்பையை மறுபடி மடித்தார். "காருக்குள்ள சொல்லுவம் எண்டு பாத்தன். வாய் வரேல்ல. அரிசி இல்லாம வந்து நிக்கிறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவர் நெருப்பில்லாமல் நிற்கிறார், இவர் அரிசியில்லாமல் வந்திருக்கிறார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அப்போதுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தார்கள். போனில் பார்த்த முகத்தைவிட நேரில் வயதாகியிருந்திருக்கும். வடக்குக் காற்று வேலித் தகரத்தைத் தடதடவென்று ஆட்டியது.

"எங்க வீட்ல பச்சரிசி இருக்குதுங்க" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "கடை அரிசிதான். பரவால்லையா?"

ரஞ்சினி என்னைப் பார்த்தார். "கொண்டு வாங்கோ" என்றார். பிறகு ஸ்ரீகாந்தைப் பார்த்து, "தம்பி, குடையை எடுங்கோ. சூரியனுக்குப் பொங்கிறம் எண்டுபோட்டு சூரியனை மறைச்சா என்ன ஞாயம்?" என்றார். ஸ்ரீகாந்த் குடையை மடக்கினார்.

நான் அரிசியோடு திரும்பி வந்தபோது ரஞ்சினி பாலை ஊற்றிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பானையைக் கிழக்குப் பார்த்து வைக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் பார்த்தது தன் காலடியை.

"கிழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

தேவராஜா அண்ணா வேலிப் பக்கம் கை காட்டினார்.

"அப்ப தெற்கு இஞ்சால." நெற்றியில் கை வைத்துச் சூரியனைப் பார்த்தார், மறுபடி நிலத்தைப் பார்த்தார். "தை மாசத்தில எங்கட ஊரில மத்தியானம் சூரியன் தெற்குச் சரிவில நிக்கும். நிழல் வடக்கால விழும். இருபது வருசமாப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். இஞ்ச பாருங்கோ, என்ர நிழல் தெற்கால விழுது."

எல்லாரும் குனிந்து அவரவர் நிழலைப் பார்த்தோம். குட்டையான, கன்னங்கரேலென்ற ஐந்து நிழல்கள், ஐந்தும் தெற்கே. தலையைத் தூக்கினால் சூரியன் வடக்கே நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்பது வருஷம் இந்த வெயிலில் துணி உலர்த்தியிருக்கிறேன், வடாம் போட்டிருக்கிறேன், இந்த வெயிலைத் திட்டியிருக்கிறேன். அது வானத்தின் எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஒருநாள்கூடத் தலை தூக்கிப் பார்க்கவில்லை. வீட்டு விளம்பரங்களில் ‘வடக்குப் பார்த்த வீடு’ என்று பெருமையாகப் போடுவார்கள். குபேர திசை என்று வெள்ளைக்காரனும் வாஸ்து பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்றுதான் நான் அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன். வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வீட்டுக்குள் வருகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"நான் நல்லாத் தெரிஞ்சு வைச்சிருந்த பாடம்தான்" என்று ரஞ்சினி மெதுவாகச் சொன்னார். "படத்தில கீறிக் காட்டியிருக்கிறன். ஆனா அதுக்குள்ள வந்து நிப்பன் எண்டு நினைக்கேல்ல." அவர் கண்ணில் பயணக் களைப்பு போய் வேறு ஏதோ வந்திருந்தது. "தையில சூரியன் வடக்க திரும்புறது எண்டா, இஞ்சயிருந்து வெளிக்கிட்டு எங்கட பக்கம் போறது. அப்ப இந்த ஊருக்கு இது வழியனுப்பிற பொங்கல், என்ன?"

அவருக்கு நாங்கள் கிளம்பப்போகிற விஷயம் சரியாகத் தெரியாது. நான் ஸ்ரீகாந்தைப் பார்த்தேன். அவர் அடுப்பின் பொத்தானை அழுத்துகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

பால் சூடேறியது. ரஞ்சினி இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, குக்கரை மூன்றுமுறை சுற்றிப் போட்டார். பிறகு கணவரைக் கூப்பிட்டார். "நீங்களும் போடுங்கோ." அவர் அவசரமாகப் போட்டதில் பாதி அரிசி கோலத்தில் விழுந்தது. ராகவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா எங்கே நிற்கிறார் என்று பார்த்து, அவருக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் போய் நின்று அரிசியைப் போட்டாள்.

தேவராஜா அண்ணா மட்டும் குக்கரின் கிழக்கு விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நுரை ஏறியது. வெள்ளையாக, வட்டமாக, விளிம்பு வரைக்கும் வந்து தயங்கியது. தலைக்கு மேலே அத்தனை பெரிய சூரியன், அது எங்கள் வீட்டுக் கூரையில் விழுந்து, கம்பி வழியாக வேலி தாண்டி வந்து, இந்தக் குக்கரில் பாலாகப் பொங்குகிறது. ஸ்ரீகாந்தின் சோலார் புராணத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான். அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பால் வழிந்தது. கிழக்கே இல்லை. தெற்குப் பக்கம் இருந்த பொத்தான்களின் மேல் முழுசாகக் கொட்டியது. அடுப்பு "பீப் பீப் பீப்" என்று ஓலமிட்டு, ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்தே போனது.

ராகவி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்பா, அடுப்பு அழுகுது" என்றாள்.

தேவராஜா அண்ணா அவள் சிரித்ததையும் பார்க்கிறார், வழிந்த பக்கத்தையும் பார்க்கிறார். முகத்தில் எதை வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "தெற்கால வழிஞ்சிட்டுது" என்றார் மனைவியிடம், தானே தப்பு செய்த மாதிரி.

ரஞ்சினி முந்தானையால் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சூரியனே மற்றப் பக்கத்தால போற ஊரில பாலை மட்டும் கிழக்கால வழியச் சொல்லேலுமே? பொங்கினது காணும், அதுவே போதும்" என்றார். சொன்ன விதத்தில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. அவர் தங்குவாரா போவாரா என்பது எங்களுக்கு அதிலிருந்து தெரியவில்லை.

மீதியை அவர்கள் வீட்டு கேஸ் அடுப்பில் வைத்து, சர்க்கரையும் வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இறக்கினார். முதல் கரண்டியை வாழை இலையில் வைத்து வெளியே கொண்டுபோய்ச் சூரியனுக்குக் காட்டினார். பிறகு எங்கள் பழைய சோபாவில் ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏசி இரைந்தது. ராகவி இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். தேவராஜா அண்ணா தட்டைக் கையில் வைத்திருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

சாயங்காலம், அந்த ஊர் தன் பெரிய வித்தையைக் காட்டியது. மெல்போர்ன்காரர்கள் அதைக் கூல் சேஞ்ச் என்பார்கள். நாள் முழுக்க வறுத்தெடுத்த வடக்குக் காற்று திடீரென்று செத்தது. ஒரு நிமிஷம் இலை அசையவில்லை. பிறகு தெற்கே, கடல் பக்கமிருந்து, குளிர்ந்த காற்று ஒரே வீச்சில் வந்து விழுந்தது. வீட்டுக் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. தெரு முழுக்க ஜன்னல்களைத் திறக்கும் சத்தம். வேர்வை உடம்பிலேயே ஜில்லிட்டது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அப்போதெல்லாம் ‘இனிமே ஸ்வெட்டர் தேடணும்’ என்று முணுமுணுத்திருக்கிறேன்.

ரஞ்சினியும் ராகவியும் முற்றத்துக்கு ஓடினார்கள். நாங்களும் போனோம். ரஞ்சினி புடவை படபடக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தெற்கே பார்த்து நின்றார். மேகம் சாம்பல் சுவர் மாதிரி வானத்தின் பாதிக்கு எழும்பியிருந்தது, அதன் விளிம்பில் வெயில் பொன்னாக எரிந்தது.

"அம்மா, இது உண்மையே?" என்றாள் ராகவி.

ரஞ்சினி காற்றில் பறந்த கூந்தலை அள்ளி முடிந்தார். பிறகு திரும்பி, ஏதோ வீட்டுக்கு எண்ணெய் வாங்கவேண்டும் என்று சொல்லுகிற சாதாரணக் குரலில் கணவரிடம் சொன்னார்.

"வாற வருசம் வெள்ளனவே எழும்பிப் பொங்கவேணும், என்ன? இந்த வெயிலுக்கு மத்தியானத்தில சரிவராது."

தேவராஜா அண்ணா "ஓம்" என்றார். தோட்டத்துக் குழாயைத் திறந்து, குனிந்து, முகத்தைக் கழுவினார். கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். ராகவி பக்கத்தில் போய் நின்று, அவர் நிமிரும்வரை காத்திருந்து, தன் துப்பட்டாவை நீட்டினாள்.

"நீங்கள் ஏன் தங்கச்சி அழுகிறியள்?" என்று ரஞ்சினி என்னைக் கேட்டார்.

எனக்கு இங்கே வாற வருஷம் கிடையாது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பொங்கல் ரொம்ப நல்லா இருந்ததுங்க என்றேன்.